மகள் ஸ்கூல்ல செஞ்ச மாவோரிக் குழல்: இதை எப்படித்தான் ஊதுறது?

#1 ஹட்_பள்ளத்தாக்கு

வணக்கம் மக்களே. லோயர் ஹட்ல இருக்கோம், நியூசிலாந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு. மகளுக்கு ஒன்பது வயசு. போன வாரம் ஸ்கூல் விட்டு வரும்போது கையில ஒரு துண்டு பிவிசி குழாய். பாத்ரூம் வேலைக்கு வாங்குவோமே, அதே வெள்ளைக் குழாய்தான். ஒரு ஜாண்கூட இருக்காது. ரெண்டு முனையும் திறந்திருக்கு, மேல மூணு ஓட்டை, சுத்தி மார்க்கர்ல சுருள் சுருளா கோலம் மாதிரி வரைஞ்சிருக்கா. "இது கோஆவாவ்ப்பா, மாவோரிக் குழல், நானே செஞ்சேன்"னு ஒரே பெருமை. மாவோரின்னா இங்கத்துப் பூர்வகுடி மக்கள்.

நான் வாங்கி நம்ம புல்லாங்குழல் மாதிரி பக்கவாட்டுல வெச்சு ஊதினேன். புஸ்ஸுனு காத்துதான் வந்துச்சு. நேரா வாயில வெச்சு ஊதினேன், அதுவும் புஸ். அவ சிரிச்சுக்கிட்டே பிடுங்கி, உதட்டோரத்துல சாய்ச்சு வெச்சு, சூடான காப்பியை ஆத்துற மாதிரி மெதுவா ஊதினா. எங்கேயோ தூரத்துல ஆந்தை கூப்பிடுற மாதிரி ஒரு சத்தம். நிஜமாவே கை சிலிர்த்துச்சு.

அதுக்கப்புறம்தான் வம்பு. குழாயை சாப்பாட்டு மேசைல வெச்சேன். "அங்க வெக்காதீங்க!"ன்னு ஒரு கத்து. சாப்பாடு இருக்குற இடத்துல வெக்கக் கூடாதாம், ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. இப்ப அது எங்க வீட்டுப் புத்தக அலமாரியில, ஒரு துணி விரிச்சு, மேல் தட்டுல இருக்கு.

என் கேள்வி ரெண்டு. எப்படி ஊதுறது? பிளாஸ்டிக் குழாய்க்குக்கூட இவ்வளவு மரியாதையா?

#2 மூக்குக்கண்ணாடி

மேசை விஷயம் இருக்கட்டும். நான் நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க பையனுக்கு ரெக்கார்டர் குழல் கத்துக் கொடுத்தாங்க, அப்புறம் உகுலேலே, இப்ப இது. எதுலயும் ஒரு முழுப் பாட்டு வாசிக்க வராது. ஒரு வாரம் கைவேலை, ஒரு வாரம் அசெம்பிளில ஊதல், அடுத்த வாரம் மறந்துடும். பிவிசி குழாய்ல சுருள் வரைஞ்சா பண்பாடு ஆயிடுமா?

#3 ஆக்லாந்து_அக்கா

தம்பி ஹட், முதல்ல உங்க புஸ்ஸை சரி பண்ணிடுவோம் 😀

கோஆவாவை வாய்க்குள்ள ஊதக் கூடாது. காலி பாட்டில் வாய்ல ஊதிப் பாத்திருப்பீங்களே, அதே வேலைதான். குழாயோட விளிம்பை உதட்டுல ஒரு ஓரமா வெச்சு, குழாயைப் பாதி சாய்வாப் பிடிங்க. காத்து எதிர்ப்பக்க விளிம்புல பட்டு ரெண்டாப் பிரியணும், பாதி உள்ள, பாதி வெளிய. விரல் எதையும் மூடாம முதல்ல ஒரே சத்தத்தைப் பிடிங்க. விளிம்பை உள்பக்கமா உப்புத்தாள் போட்டு லேசா சரிவா தேய்ச்சா சீக்கிரம் வரும். பலமா ஊதுறவங்களுக்குத்தான் வரவே வராது. அதனாலதான் அப்பாமாரை விட பிள்ளைங்க முந்திக்கிறாங்க.

நான் இங்க பிரைமரி ஸ்கூல்கள்ல ரிலீஃப் டீச்சர். இந்த வகுப்பை மூணு நாலு தடவை கூட இருந்து பாத்திருக்கேன். ஒரு நாளை மட்டும் சொல்றேன்.

வாத்தியங்களைக் கொண்டு வந்தவர் முதல்ல எதையும் எடுத்துக் காட்டல. தரையில பின்னல் பாய் விரிச்சு, ஒவ்வொண்ணா வெச்சு, மேல துணி போட்டு மூடிட்டார். சின்னதா ஒரு பிரார்த்தனை. அப்புறம் பிள்ளைங்களைக் கண்ணை மூடச் சொல்லிட்டு பெரிய சுரைக்குடுக்கை ஒண்ணை எடுத்து வாய்ப்பக்கம் ஊதினார். ஹூஎ புருஹாவ்னு பேரு. அடிவயித்துல கேக்குற மாதிரி ஒரு சத்தம். என்ன அதுன்னு கேட்டா ஒருத்தன் மாடுங்கிறான், ஒருத்தி கப்பல்ங்கிறா. கடைசி வரிசையில வாயே திறக்காத பையன் ஒருத்தன் "எங்க தாத்தா தூங்குறது"ன்னான். அவர் சிரிக்கல. "சரியாத்தான் சொல்றே, அந்தக் காலத்து ஆளுங்களும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குடும்பம் சொல்லித்தான் வெச்சிருக்காங்க"ன்னு ஆரம்பிச்சார்.

அந்தக் குடும்பக் கதைதான் பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குது. ராகம் வானத்துத் தகப்பன் ராங்கினூயிக்கு, தாளம் பூமித்தாய் பாப்பாதூவானூக்குவோட நெஞ்சுத்துடிப்பு. சுரைக்காய் வாத்தியம் எல்லாம் ஹினே பூ தே ஹூஎங்கிற பெண் தெய்வத்தோடது, சாந்தமானவ. குழலெல்லாம் ஹினே ராவுகாத்தாவுரியோடது. மொத்தக் கூட்டத்துக்கும் பேரு தாவொங்கா பூவொரோ. தாவொங்கான்னா பொக்கிஷம்.

#4 பிவிசி_பெருமாள்

20 மிமீ குழாய், 12-லிருந்து 15 செமீ நீளம் வெட்டுங்க. ஓட்டைக்கு சின்ன துளைப்பான் போதும், பிசிறை நல்லா எடுத்துடுங்க, உதட்டுல கீறும். இதுக்கு மேல நான் ஒண்ணும் தத்துவம் பேசல.

#5 வன்னிக்காத்து

ஹட் அண்ணை, சாப்பாட்டு மேசைக் கதை எங்கட வீட்டிலையும் நடந்தது. நாங்கள் ஹமில்டனிலை இருக்கிறம். இஞ்ச ஒரு கட்டுப்பாடு இருக்கு, தாப்பு எண்டு சொல்லுவினம். தலை, முன்னோர், இப்பிடி உயர்ந்த விஷயங்களையும் சாப்பாட்டையும் கலக்கிறேல்லை. தலையணைக்கு மேலை குந்தப்படாது, மேசையிலை ஏறி இருக்கப்படாது எண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லிக் குடுக்கினம். என்ர அம்மம்மாவும் புத்தகத்திலை கால் பட்டால் தொட்டுக் கும்பிட வைப்பா. அதாலை எங்கட பிள்ளையளுக்கு உது விளங்க ஒரு நிமிஷமும் தேவைப்படேல்லை.

குழாய் பிளாஸ்டிக்கோ எண்டது முக்கியமில்லை. அதுக்குள்ளை போறது பிள்ளையின்ர மூச்சு. மூச்சுக்கு இவை ஹா எண்டு சொல்லுறது. மூக்கோடை மூக்கு வைச்சு ஹொங்கி குடுக்கேக்கை பரிமாறுறதும் அதுதான்.

#6 மதுரை_வாசகன்

மூச்சு எல்லாம் சரிங்க. ஒரு வாத்தியத்தை முப்பது பிள்ளைங்க மாத்தி மாத்தி வாயில வெச்சா எச்சில் இல்லையா? எங்க ஆத்தா கேட்டா மயக்கம் போட்டுரும்.

#7 ஆக்லாந்து_அக்கா

மாத்தி வெக்கிறதே இல்ல. அதுக்குத்தான் ஆளுக்கொரு பிவிசி குழாய்! செதுக்கின நிஜ வாத்தியத்தை அந்தக் கலைஞர் மட்டும்தான் ஊதுவார். உங்க ஆத்தாவும் மாவோரிப் பாட்டியும் ஒரே கட்சிதான்.

#8 தம்புரா_சுதி

சங்கீத வாத்தியாராக ஒரு சந்தேகம். மகன் செய்த குழலை ட்யூனர் செயலி வைத்துப் பார்த்தேன். மூன்று ஓட்டையை எப்படி மூடித் திறந்தாலும் எந்த ஸ்வரத்திலும் போய் உட்காரவில்லை. ஓட்டைக்கு ஓட்டை தூரம் ஒரு ஒழுங்கில் இல்லை. இதில் காதைப் பழக்கினால் பின்னால் சுருதி கெடாதா?

#9 ஹட்_பள்ளத்தாக்கு

அதே சந்தேகம் எனக்கும் இருந்துச்சு சார். மகள்கிட்ட "சரிகம வாசி"ன்னேன். "அது இதுல கிடையாது"ன்னுட்டா.

#10 நடைபாதைக்_குருவி

தம்புரா சார், செயலியைத் தூக்கித் தூரப் போடுங்க. உங்க காதுக்குத்தான் இது ரொம்பப் பிடிக்கணும்.

பழைய மாவோரிப் பாட்டுகளைக் கேளுங்க. ஸ்தாயி முழுக்க ஏறி இறங்குறதே இல்ல, ரொம்பக் குறுகின இடத்துக்குள்ளயே நெளியும். பியானோவுல பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல இருக்குற இடுக்குல எல்லாம் போய் நிக்கும். அந்தப் பாட்டோட மெட்டை எடுத்து வாசிக்கத்தான் கோஆவாவ், அதனால மூணு ஓட்டையே தாராளம். விரலைப் பாதி எடுக்குறது, உதட்டுக் கோணத்தை மாத்துறது, அதுலதான் எல்லாம். கமகம் தெரிஞ்ச உங்களுக்கு நான் சொல்லணுமா? வந்திறங்கின வெள்ளைக்காரங்க கொஞ்சப் பேர் இதை "ஒரே சோகமா, ஒரே மாதிரி இருக்கு"ன்னு ஒதுக்கினது, அவங்க காது கட்டைக்குக் கட்டை தாவிப் பழகினதால.

இன்னொண்ணு. ஐரோப்பியர் வர்றதுக்கு முன்னாடி இவங்ககிட்ட தோல் கட்டின முரசே கிடையாது. தாளத்துக்குக் கல்லு, எலும்பு, மரம் தட்டுற துமுதுமு, தொங்கவிட்ட மரக்கட்டையை அடிக்கிற பஹூ, அப்புறம் கால் மிதியும் நெஞ்சுல அடிக்கிற கையும். மிச்சமெல்லாம் காத்துதான்.

#11 தம்புரா_சுதி

"ஒரே மாதிரி இருக்கிறது" என்று நம் ஆலாபனையையும் சொன்னவர்கள் உண்டு. செயலியை மூடிவிட்டேன். இன்று சாயங்காலம் மறுபடி கேட்கிறேன்.

#12 மூக்குக்கண்ணாடி

எல்லாரும் உருகுறீங்க. என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. மாவோரிப் பிள்ளைங்க கத்துக்கட்டும், அது அவங்க சொத்து. நம்ம பிள்ளைங்களும் வெள்ளைக்காரப் பிள்ளைங்களும் ஊதலாமா? நாளைக்கே "எங்க பொருளை எடுத்து விளையாடுறீங்க"ன்னு ஒரு பேச்சு வராதா?

#13 நடைபாதைக்_குருவி

கண்ணாடி சார், இது நல்ல கேள்வி, நீளமாத்தான் பதில் சொல்லணும்.

இந்த வாத்தியங்கள் ஒரு கட்டத்துல ஏறக்குறைய ஊமையாப் போச்சு. மிஷனரிங்க வந்தாங்க, பழைய தெய்வங்களோட ஒட்டின சத்தம் எதுவும் அவங்களுக்குப் பிடிக்கல. 1867-இல் பூர்வீகப் பள்ளிச் சட்டம் வந்து பாடமெல்லாம் இங்கிலீஷ்ல ஆச்சு, மாவோரி பேசின பிள்ளைங்களுக்கு அடி. 1907-இல் தோஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டம்னு ஒண்ணு, பாரம்பரிய வைத்தியம் பாக்குறவங்களை நசுக்கினது. குழல் வைத்தியத்துக்கும் பிரசவத்துக்கும் இழவுக்கும் கூடவே போன பொருள். அந்தச் சடங்கெல்லாம் போனா குழல் எங்க நிக்கும்? செஞ்சு வெச்சதெல்லாம் மியூசியக் கண்ணாடிக்குள்ள போயிடுச்சு. கேப்டன் குக் கப்பல்ல வந்து எடுத்துட்டுப் போனதுகூட ஐரோப்பாவுல இருக்கு. பொருள் இருக்கு, ஊதத் தெரிஞ்ச ஆள் இல்ல.

அதை எழுப்பினது முக்கியமா மூணு பேர். ஹிரினி மெல்போர்ன், தூஹோஎ இனக்குழுவைச் சேர்ந்தவர், பாட்டுக்காரர். ரிச்சர்ட் நன்ஸ், வெள்ளைக்காரர். பிரையன் ஃப்ளின்டாஃப், நெல்சன் ஊர்ல எலும்பு செதுக்குறவர், அவரும் வெள்ளைக்காரர். 1980-கள்ல இருந்து ஊர் ஊரா மராயேக்குப் போய் கிழவன் கிழவிகளோட உக்காந்திருக்காங்க. மராயேன்னா அவங்க ஊர்ச்சபை கூடுற இடம். மியூசியத்துல இருந்த பழைய குழலைக் கையில வாங்கி மெதுவா ஊதிப் பாத்திருக்காங்க. சத்தம் கேட்டதும் வயசானவங்களுக்கு மறந்தே போனது ஒவ்வொண்ணா ஞாபகம் வந்திருக்கு, எங்க பாட்டி இப்படிப் பிடிப்பா, எங்க தாத்தா இதை ஒரு பறவைக்கு ஊதுவார்னு. அந்தத் துண்டுகளை ஒட்டித்தான் இன்னைக்கு இருக்குற மொத்தமும். அந்தக் கூட்டத்துக்கு ஹாவுமானுன்னு பேரு. 1994-இல் மெல்போர்னும் நன்ஸும் சேர்ந்து ஒரு சிடி போட்டாங்க. அதுக்கப்புறம்தான் நாடே காது கொடுத்துச்சு. மெல்போர்ன் 2003-இல் போயிட்டார், நன்ஸ் 2021-இல்.

மாவோரிப் பெரியவங்க அந்த ரெண்டு வெள்ளைக்காரங்களையும் கூட உக்கார வெச்சுத்தான் இதைக் கொடுத்திருக்காங்க. அதனால "யாரும் தொடக் கூடாது"ன்னு இல்ல. யார்கிட்ட கத்துக்கிட்டே, எப்படிக் கத்துக்கிட்டேன்னுதான் கேப்பாங்க. கடையில வாங்கி யூடியூப் பாத்து ஊதி, மேடையில "மாவோரி இசைக் கலைஞர்"னு போஸ்டர் அடிச்சா அது வேற. மராயேக்காரரே ஸ்கூலுக்கு வந்து பிள்ளை கையில கொடுத்தா அதுல என்ன தப்பு?

#14 வன்னிக்காத்து

மெல்போர்ன் சின்னப் பிள்ளையளுக்கும் கனக்கப் பாட்டு எழுதினவர், பறவையள், பூச்சியளைப் பற்றி, மாவோரியிலை. என்ர சின்னவள் பாலர் பள்ளியிலை படிச்ச முதல் பாட்டு அவற்ற பாட்டு. ஆர் எழுதினது எண்டு எனக்கு இப்பதான் விளங்குது.

மொழி பேசினதுக்கு அடிச்ச நாட்டிலை, 1987-இல் அதே மொழியை அரச மொழி ஆக்கினவை. அடி வாங்கின தலைமுறையின்ர பேரப்பிள்ளையள் இப்ப வகுப்பிலை குழல் செய்யினம். கண்ணாடி அண்ணை, ஒரு கிழமைக் கைவேலை எண்டு நீங்கள் சொல்லுறதை நான் அப்பிடிப் பாக்கேல்லை.

#15 மூக்குக்கண்ணாடி

அடி வாங்கின விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு வாரம் போதாதுங்கிறதுல மட்டும் நான் மாறல. வருஷம் பூரா இருக்கணும், இல்லேன்னா வேஷம்.

#16 ஆக்லாந்து_அக்கா

அதை நானும் ஒத்துக்குறேன் சார். மாத்தாரிக்கிங்கிற மாவோரிப் புத்தாண்டு சமயத்துல, செப்டம்பர்ல மாவோரி மொழி வாரத்துல, அப்ப மட்டும் பெட்டியைத் திறக்குற ஸ்கூல்கள் இருக்கு. வாரா வாரம் அசெம்பிளியை சங்கு ஊதித் தொடங்குற ஸ்கூல்களும் இருக்கு. அந்தச் சங்குக்கு பூத்தாத்தாரான்னு பேரு, ஊதுற இடத்துல மரத்துல செதுக்கின வாய் பொருத்தியிருப்பாங்க. நம்ம பிள்ளைங்க அதைப் பாத்ததும் "கோயில்ல இருக்கே!"ன்னு குதிக்கும்.

ஆனா நான் மறக்க முடியாதது ஒரு பூச்சி. பூதோரினோன்னு ஒரு வாத்தியம், உலகத்துல வேற எங்கயும் இல்லாதது. நடுவுல பருத்து ரெண்டு முனையும் ஒடுங்கி இருக்கும். மரத்தை நெடுக்கா ரெண்டாப் பிளந்து, உள்ள குடைஞ்சு, திரும்ப ஒட்டி, கொடி வேர்ல சுத்திக் கட்டுவாங்க. ஒரு முனையில கொம்பு மாதிரி ஊதினா ஆண் குரல். குழல் மாதிரி மென்மையா ஊதினா பெண் குரல். நடுவுல வாய் மாதிரி ஒரு திறப்பு இருக்கும், அதுல விரலை அசைச்சா சத்தம் குழையும்.

அந்த வடிவம் எங்க இருந்து வந்துச்சுன்னு பிள்ளைங்களை ஸ்கூல் வேலியோரம் மானுகா செடிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க சுள்ளியும் இலையும் ஒட்டின சின்னப் பை ஒண்ணு தொங்குது. கூட்டுப்புழு அந்துப்பூச்சி. ஆணுக்கு ரெக்கை முளைச்சுப் பறந்துடும். பெண்ணுக்கு ரெக்கையே கிடையாது, அந்தப் பைக்குள்ளயே இருந்து, முட்டை வெச்சு, அங்கயே செத்துடும். அதுதான் ஹினே ராவுகாத்தாவுரி. தன் குழல் மேல இருந்த ஆசையில குழலுக்குள்ளயே குடி போயிட்டவளாம். உள்ள இருந்து அவ ஏங்கிக் கூப்பிடுறதுதான் பூதோரினோவோட பெண் குரல்.

ஒரு பொண்ணு அந்தப் பைகிட்ட காதை வெச்சுக்கிட்டு நகரவே இல்ல. மணி அடிச்சும் வரல. கடைசியில நான் போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். இப்ப வரைக்கும் எனக்கு அது உறுத்துது, இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருக்கலாம்.

#17 பிவிசி_பெருமாள்

அக்கா, நான் தத்துவம் பேச மாட்டேன்னேன், ஆனா இதைப் படிச்சிட்டு எங்க வீட்டு வேலியில தேடினேன். மூணு பை இருக்கு. இத்தனை வருஷமா குப்பைன்னு பிச்சுப் பிச்சுப் போட்டுட்டிருந்தேன்.

#18 மதுரை_வாசகன்

இங்க உக்காந்து படிக்கிறவனுக்கும் ஒரு பங்கு கொடுங்க. காதல் கதை ஒண்ணு உண்டாமே, குழல் சத்தம் கேட்டு நீந்திப் போன பொண்ணு?

#19 வன்னிக்காத்து

ஹினேமோவா. ரொட்டோருவா ஏரி, நடுவிலை மொக்கோயா தீவு. தீவிலை இருந்து தூத்தானெகாய் இரவிலை குழல் ஊதுவான். வீட்டுக்காரர் வள்ளங்களை மேலை இழுத்து வைச்சிட்டினம். அவள் சுரைக்குடுக்கையளைக் கட்டிக்கொண்டு, குழல் சத்தம் வந்த திக்கைப் பிடிச்சு 3 கிலோமீற்றர் அளவு நீந்திப் போனவள். கோஆவாவ் எண்டும் சொல்லுவினம், பூதோரினோ எண்டும் சொல்லுவினம், அதிலை ஊருக்கு ஊர் சண்டை.

#20 தம்புரா_சுதி

இருட்டில் அந்தத் தூரம் கேட்கிறதென்றால் வாசித்தவனைச் சொல்லுங்கள்! என் மகனுடையது அடுத்த அறைக்கே வரவில்லை.

#21 நடைபாதைக்_குருவி

ஓடுகிற இழையில எழுத்து விஷயம் ஒண்ணு. ஙூருன்னு ஒரு குட்டிக் குழல் இருக்கு. திமிங்கலப் பல்லு, கல்லு, மரம், எதுலயும் செய்வாங்க. மூக்காலயும் ஊதலாம். அந்த முதல் எழுத்தை வகுப்புல வெள்ளைக்காரப் பிள்ளைங்க "நுகுரு", "என்குரு"ன்னு திண்டாடும். நம்ம பிள்ளைங்களுக்கு ஙன்னு தனி எழுத்தே இருக்கு, அரிச்சுவடியில சும்மா உக்காந்திருக்கு. இத்தனை வருஷம் கழிச்சு அதுக்கு வேலை கிடைச்சிருக்கு. ஙூருவோட முனையும் அந்த எழுத்து மாதிரியே மேல வளைஞ்சிருக்கும்.

#22 மதுரை_வாசகன்

இதுக்காகவே இந்தத் தளத்துக்கு வரலாம் 👏 தமிழ்னு பேச்சு வந்ததால கேக்குறேன், அந்தத் தமிழ் மணி?

#23 நடைபாதைக்_குருவி

வரும்னு தெரியும். 1836 வாக்குல வாங்கரை பக்கம் மிஷனரி வில்லியம் கொலென்சோ பாத்தது. மாவோரிப் பெண்கள் அதுல உருளைக்கிழங்கு வேக வெச்சுட்டிருந்தாங்க. "முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி"ன்னு பொறிச்சிருக்கு. கீழ் விளிம்பு உடைஞ்சு போன வெண்கல மணி, இப்ப வெலிங்டன்ல தே பாப்பா மியூசியத்தோடது. அது எப்படி வந்துச்சுன்னு ஆளுக்கொரு கதை விடுவாங்க, அதை இங்க ஆரம்பிக்க வேணாம்.

#24 நெறியாளர்

நன்றி. மணிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே குழல்.

#25 ஹட்_பள்ளத்தாக்கு

வாரக் கடைசி நிலவரம் சொல்றேன். ஸ்கூல்ல அடுத்து பூரெரெஹுவா செஞ்சிருக்காங்க. இலை மாதிரி மெல்லிசா சீவின பலகை, முனையில கயிறு. தலைக்கு மேல சுத்தினா பலகை தன்னைத்தானே திருகிக்கிட்டுச் சுத்தும். கயிறு முறுக்கேறி, முறுக்கு அவிழும்போது சத்தம் ஏறி ஏறி இறங்கும், பெரிய வண்டு ஒண்ணு காதைச் சுத்துற மாதிரி. பூரெரெஹுவான்னா அந்துப்பூச்சியாம். நான் ஆர்வக் கோளாறுல வீட்டு நூல்கயிறு ஒண்ணைக் கட்டிச் சுத்தினேன், கயிறு அறுந்து பலகை பக்கத்து வீட்டு காராஜ் கதவுல டொம்முனு போய் விழுந்துச்சு. கதவுல சின்னப் பள்ளம். மன்னிப்புக் கேட்டு, முறுக்கும் கொடுத்துட்டு வந்தேன். மகள் ரெண்டு நாளா என்னோட பேசல, பலகை முனை உடைஞ்சிடுச்சு.

#26 பிவிசி_பெருமாள்

நைலான் கயிறு. இரட்டை முடிச்சு. திறந்த மைதானம். ஓட்டை விளிம்புக்கு ஒட்டிப் போடக் கூடாது, மரம் பிளந்துடும். உடைஞ்ச முனையை உப்புத்தாள்ல உருட்டிடுங்க, சத்தம் கொஞ்சம் மாறும், தப்பில்ல.

#27 ஆக்லாந்து_அக்கா

தம்பி, சமாதானத்துக்கு அவளோட ஒரு பொரோதிதி செய்ங்க. நம்ம ஊர்ல சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, ரெண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து விர்ர்ருனு இழுத்து விளையாடுவோமே, அதேதான்! இவங்க மரத்துலயும் எலும்புலயும் செய்வாங்க. சளி பிடிச்ச பிள்ளை தூங்கும்போது பக்கத்துல சுத்தி, அந்த முணுமுணுப்புல மூக்கடைப்பு விடும்னு சொல்வாங்க. பெரிய சட்டை பட்டன் இருந்தா போதும்.

#28 மூக்குக்கண்ணாடி

சோடா மூடி! அடப்பாவிகளா, அதுல விரலை அறுத்துக்கிட்ட தழும்பு இன்னும் இருக்கு. பையன்கிட்ட காட்டினேன். அவன் போய் ரூமுல இருந்து அவனோட குழாயை எடுத்துட்டு வந்தான், அதை மறக்கவே இல்ல போலிருக்கு, மெத்தைக்குப் பக்கத்துல வெச்சிருக்கான். ஊதிக் காட்டினான். ரெக்கார்டரை விட நல்லாத்தான் இருக்கு. இதை இங்க எழுதுறதால நான் தோத்துட்டேன்னு அர்த்தம் இல்ல.

#29 ஹட்_பள்ளத்தாக்கு

😀 சார், நீங்க ஜெயிச்சதாவே வெச்சுக்குவோம்.

நேத்து ராத்திரி காராஜ்ல உக்காந்து பெருமாள் அண்ணன் சொன்ன அளவுல எனக்குன்னு ஒண்ணு வெட்டினேன். 15 செமீ. விளிம்பைத் தேய்ச்சு, அக்கா சொன்ன மாதிரி சாய்ச்சு, மூச்சைக் குறைச்சு, குறைச்சு, இன்னும் குறைச்சு... பத்து நிமிஷம் புஸ். அப்புறம் ரெண்டே செகண்டு, வந்துச்சு. பயத்துல நிறுத்திட்டேன். மறுபடி அதைப் பிடிக்க முடியல.

உள்ள இருந்து குரல்: "அப்பா, அது கொஞ்சம் கீழ இருக்கு, குழாயைச் சின்னதா வெட்டுங்க." ரெண்டு நாளுக்கு அப்புறம் பேசின முதல் வார்த்தை. பெருமாள் அண்ணே, 12-க்கு வெட்டினா ஓட்டையை எங்க மாத்தணும்?

#30 பிவிசி_பெருமாள்

கடைசி ஓட்டை போற பக்கம் வெட்டாதீங்க, ஊதுற பக்கம் வெட்டுங்க. ஒரே வெட்டா வேணாம், அரை அரை செமீயா. பக்கத்துல அவளை உக்கார வெச்சுக்கிட்டு வெட்டுங்க, எங்க நிறுத்தணும்னு அவ சொல்வா.